கடலோரப் பள்ளியில் ஜனநாயகம் கற்பிப்பது எப்படி? ராமநாதபுரம் ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பள்ளிகளில் குடிமையியல் பாடம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. அரசியலமைப்பின் முகவுரையைத் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் தொண்டியிலும் இருக்கிறார்கள், மூக்கையூரிலும் இருக்கிறார்கள். அதே பிள்ளையைக் கூப்பிட்டு, "இந்தப் பள்ளியில் நீ சொல்லி எது மாறியிருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

அந்தக் கேள்விக்குப் பதில் வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. நான் நம்புவது இதுதான்: பிள்ளைகளின் கையில் உண்மையான முடிவு ஏதாவது ஒன்றைக் கொடுக்காமல் ஜனநாயகத்தைக் கற்பிக்க முடியாது. கொடுப்பதற்கு ஆசிரியருக்குத் துணிச்சல் வேண்டும், பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் பயிற்சியில்தான் வரும். நான்காம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள், வட்டார வள மையத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்: சட்டம் என்ன சொல்கிறது

"மேலிடத்தில் ஏதாவது சொல்வார்களே" என்ற தயக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் நிறைய உண்டு. அதற்கு அவசியமே இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 29ஆம் பிரிவைப் படியுங்கள். பாடத்திட்டமும் மதிப்பீடும் அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு ஏற்ப இருக்க வேண்டும், பிள்ளை அச்சமும் பதற்றமும் இல்லாமல் தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல உதவ வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆவது உறுப்பு. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

புதிதாக எதையும் கொண்டுவரும் முன், இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் வகுப்பறையின் வரைபடம் போடுங்கள். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு பாடவேளையிலும் யாரிடம் கேள்வி கேட்டீர்கள், யார் தானாகப் பேசினார்கள், யாரைத் திட்டினீர்கள் என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு. வாரக் கடைசியில் அந்தத் தாளைப் பாருங்கள். முன் வரிசையில் நான்கு பெயருக்குப் பக்கத்தில் கோடுகள் குவிந்திருக்கும். சிலருக்கு ஒரு கோடுகூட இருக்காது. கோடு விழாத பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள்.

வேலைகளையும் எழுதுங்கள். வகுப்பைக் கூட்டுவது யார், பெஞ்ச் தூக்குவது யார், ஆசிரியருக்குத் தேநீர் வாங்கப் போவது யார், சத்துணவுத் தட்டு கழுவும் இடத்தில் கடைசியாக நிற்பது யார். கோலம் போடப் பெண் பிள்ளைகள், மைக் பிடிக்க ஆண் பிள்ளைகள் என்று பிரிந்திருக்கிறதா? கழிப்பறை சுத்தம் செய்யப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அது அன்றைக்கே நிற்க வேண்டும். அதற்கு இந்த வழிகாட்டியும் வேண்டாம், வகுப்புக் கூட்டமும் வேண்டாம்.

உட்காரும் இடத்தைச் சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் தொடக்கப் பள்ளியில் படித்தபோது நடந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். கோயில் குருக்களின் மகன் ராமநாத சாஸ்திரியும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் கலாமை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். ராமநாதன் அழுதுவிட்டான். விஷயம் வீட்டுக்குப் போனதும் அவன் தந்தை லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, சின்னப் பிள்ளைகளின் மனதில் ஏற்றத்தாழ்வு என்ற நஞ்சைக் கலக்காதீர்கள் என்று கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், மாறினார். ஒரு பெஞ்ச் மாற்றம் ஒரு பிள்ளையின் மனதில் வாழ்நாள் முழுக்க நின்றிருக்கிறது. அதைத் தட்டிக் கேட்டவர் மறுபக்கத்துப் பெரியவர் என்பதையும் பயிற்சியில் தவறாமல் பேசுங்கள்.

சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதி உணர்வைத் தடுக்க ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024இல் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைத் தடை செய்யவும் அதில் பரிந்துரை இருக்கிறது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். அவிழ்த்த பிறகு அந்தப் பையன் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறான் என்று கவனிப்பதுதான் ஆசிரியரின் வேலை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் தலைவர்களின் நினைவு நாட்களை ஒட்டி ஊருக்குள் பதற்றம் கூடும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

இரண்டாம் படி: ஆசிரியர் அறையிலிருந்து ஆரம்பியுங்கள்

ஆசிரியர் கூட்டத்தில் வாய் திறக்கவே விடப்படாத ஒருவர், வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளைத் தாராளமாகப் பேசவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெரும்பாலான பயிற்சிகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஜனநாயகம் பற்றி ஸ்லைடு போட்டு ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்கிறார்கள். அது சொற்பொழிவு. பயிற்சி வேறு.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேரும் குறுவள மையக் கூட்டத்தில் அரை நாள் கிடைத்தால் போதும். இப்படிச் செய்யலாம்.

எல்லாரும் வட்டமாக உட்காருங்கள். தலைமை ஆசிரியர்களுக்குத் தனி நாற்காலி வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. "உங்களைக் கேட்காமல் உங்கள் தலையில் கட்டப்பட்ட முடிவு ஒன்றை எழுதுங்கள்." பெயர் எழுத வேண்டாம். சீட்டுகளைக் கலந்து ஒருவர் மற்றவர் எழுதியதைப் படிக்கட்டும். அறை சூடாகிவிடும். பணிமாறுதல், பதிவேடுகள், விடுமுறை நாள் வேலை என்று கொட்டுவார்கள். கொட்டட்டும். பிறகு அதே சீட்டின் பின்பக்கம்: "உங்கள் பிள்ளைகளைக் கேட்காமல் இந்த மாதம் நீங்கள் எடுத்த முடிவு ஒன்று." இப்போது அறை அமைதியாகும். அந்த அமைதியை அவசரப்பட்டுப் பேச்சால் நிரப்பாதீர்கள்.

அடுத்து, பாதிப் பேர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க, ஒருவர் வகுப்புக் கூட்டம் நடத்திப் பார்க்கட்டும். பிள்ளையாக நடிக்கும் ஆசிரியர்களில் ஒருவரிடம் மட்டும் ரகசியமாக, "நீங்கள் கடைசி வரை பேசக் கூடாது" என்று சொல்லிவையுங்கள். நடத்துபவர் அவரைக் கவனிக்கிறாரா, எப்படிப் பேச வைக்கிறார் என்று பார்க்கலாம். முடிந்ததும் பேசாமல் இருந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். நான் பார்த்தவரை இந்த ஒரு பயிற்சி மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்குகிறது.

கடைசியாகக் கேள்வி கேட்கும் பயிற்சி. "எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்டால் "ஆமா சார்" என்று கோரஸ்தான் வரும். "இதனால் யாருக்குக் கஷ்டம் வரும்?" என்று கேட்டால் யோசிப்பார்கள். கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நாமே பதில் சொல்லிவிடும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. மஞ்சூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் படிக்கும் பயிற்சி மாணவர்களுக்கும், பி.எட். முடித்து வரும் புதியவர்களுக்கும் கற்பித்தல் பயிற்சிக் காலத்திலேயே இதைச் சேர்த்துவிட்டால் நல்லது.

மூன்றாம் படி: எது யாருடைய முடிவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

கருத்துக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே எடுத்த முடிவையே அறிவிப்பதைவிடக் கேட்காமலே இருப்பது மேல். பிள்ளைகள் ஏமாற்றத்தை மறப்பதில்லை. அதனால் மூன்று வகையாகப் பிரித்துச் சுவரில் ஒட்டுங்கள். வகுப்பறை வேலைகள், உட்காரும் முறை, விளையாட்டு வேளையில் மைதானப் பங்கீடு, சுற்றுலாவுக்கு எந்த இடம், தாமதமாக வருபவருக்கு என்ன செய்வது ஆகியவை பிள்ளைகளின் முடிவு. தேர்வு நாளுக்கு எப்படித் தயாராவது, வீட்டுப்பாடத்தின் அளவு ஆகியவை ஆசிரியரின் முடிவு, ஆனால் பிள்ளைகளைக் கேட்டபிறகு எடுப்பது. பாதுகாப்பு, சட்டம், யாருடைய மரியாதையும் குறையக் கூடாது என்பது ஆகியவை ஓட்டுக்கே வராதவை.

இந்த மூன்றாவது வகை மிக முக்கியம். "மணிமாறனை நம் அணியில் சேர்க்கலாமா வேண்டாமா" என்று வகுப்பு ஓட்டெடுக்க முடியாது. பெரும்பான்மை கை தூக்கினாலும் சில விஷயங்களில் கை வைக்க முடியாது என்பதுதான் அடிப்படை உரிமை. பன்னிரண்டு வயதில் இது புரிந்தால் பிறகு அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியை நடத்துவது சுலபம்.

நான்காம் படி: வாரம் ஒரு வகுப்புக் கூட்டம்

முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளை. வட்டமாக உட்காருதல். ஒரு நோட்டு. கூட்டத்தை நடத்த ஒரு பிள்ளை, எழுத ஒரு பிள்ளை, நேரம் பார்க்க ஒரு பிள்ளை. ஆசிரியரும் வட்டத்தில் ஒருவர், பேச வேண்டுமானால் கை தூக்க வேண்டும்.

என்ன பேசுவது? பிரச்சினையைப் பிள்ளைகளே சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். நம் கரையில் எந்தப் பள்ளியிலும் முதலில் வரும் சீட்டு தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு, நல்ல தண்ணீர் வரும் குழாய் ஒன்றோ இரண்டோ. இடைவேளை மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் குழாயை மறித்து நிற்பார்கள். ஏழாம் வகுப்பில் இதைப் பேச எடுத்தால் கூட்டம் பெரும்பாலும் இப்படிப் போகும்.

"அண்ணன்மாரு விட மாட்டேங்குறாங்க. நீங்க வந்து சத்தம் போடுங்க டீச்சர்" என்று முதல் குரல் வரும். ஆசிரியர் ஒத்துக்கொண்டு எழுந்து போய்விட்டால் பாடம் அங்கேயே முடிந்தது. "நான் சத்தம் போட்டால் நாளைக்குச் சரியாகும். அடுத்த வாரம்?" என்று கேளுங்கள். ஒருவன் வரிசை என்பான். இன்னொருத்தி வகுப்புக்கு ஒரு நேரம் என்பாள். "அவுங்களுக்கும் தாகம் எடுக்கும்ல" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கலாமா என்று கேளுங்கள்.

இதற்குள் பேசாத பிள்ளைகளுக்கு ஒரு வழி வேண்டும். எல்லாருக்கும் சீட்டுக் கொடுத்து, "தண்ணீரைப் பற்றி இங்கே யாரும் சொல்லாத ஒன்றை எழுதுங்கள்" என்று கேளுங்கள். "நான் ஸ்கூல்ல தண்ணியே குடிக்கிறது இல்ல, பாத்ரூம் போகணும்னு" என்று ஒரு சீட்டு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். குழாய்ப் பிரச்சினை என்று நாம் நினைத்தது பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறைப் பிரச்சினையாக இருக்கிறது. கை தூக்கும் ஓட்டில் இது வெளியே வந்திருக்காது. அந்தச் சீட்டைப் பெயர் தேடாமல் அப்படியே தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.

முடிவு எடுத்ததும் நோட்டில் நான்கு வரி எழுத வேண்டும்: என்ன முடிவு, யார் செய்வது, எதுவரை, எப்போது திரும்பப் பார்ப்பது. இரண்டு வாரம் சோதனையாக வைத்து மறுபடி பேசுங்கள். எடுத்த முடிவு சரிவரவில்லை என்று பிள்ளைகளே சொல்லி மாற்றுவது கூட்டத்தின் தோல்வி ஆகாது. திரும்பப் பார்க்கும் அந்தக் கூட்டத்தைத் தவறவிடுவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. அடி, பாலியல் தொல்லை, வீட்டில் நடக்கும் கொடுமை ஆகியவற்றை வட்டத்தில் வைத்துப் பேசக் கூடாது. அப்படிச் சீட்டு வந்தால் உடனே எடுத்துத் தனியாக வையுங்கள். பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்வது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம், அது ஆசிரியரின் விருப்பம் அல்ல. குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும் கல்வித் துறை உதவி எண் 14417ஐயும் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

ஐந்தாம் படி: பொறுப்புகளை யாருக்கு, எப்படி?

பல வகுப்புகளில் தலைவன் என்றால் பேசுபவர்களின் பெயரைப் பலகையில் எழுதுபவன். அது போலீஸ் வேலை. அதற்குத் தேர்தல் வைத்து ஜனநாயகம் என்று பெயர் சூட்ட வேண்டாம்.

தேர்தல் நடத்தினால் ரகசிய ஓட்டாக நடத்துங்கள். கை தூக்கினால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பக்கம் போய்விடும். ஆனால் எல்லாப் பொறுப்புக்கும் தேர்தல் வேண்டியதில்லை. தேர்தலில் சத்தமாகப் பேசும் பிள்ளையே திரும்பத் திரும்ப வரும். சுழற்சிப் பொறுப்புகளுக்குக் குடவோலையைப் பயன்படுத்திப் பாருங்கள். பெயர்களை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் போட்டு, சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். சாயல்குடிப் பக்கம் ஓலைக்கா பஞ்சம்?

அப்படியே வரலாற்றுப் பாடத்தையும் முழுசாக நடத்திவிடுங்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இந்த முறையைச் சொல்கின்றன. பெருமையோடு சொல்லலாம். அதே கல்வெட்டு, பெயர் எழுதத் தகுதி யாருக்கு என்றும் சொல்கிறது: வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. "நம் வகுப்பில் எத்தனை பேர் வீட்டுப் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்கும்?" என்று கேளுங்கள். பிறகு நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950ஐப் பற்றிச் சொல்லுங்கள். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆணானாலும் பெண்ணானாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று எழுதியது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது அவர்களுக்கு உறைக்கும். 1989இல் ஓட்டு வயது 21இலிருந்து 18 ஆனதையும் சேர்த்துச் சொன்னால், விதிகள் மாறக்கூடியவை என்பதும் புரியும்.

ஆறாம் படி: கடலைப் பாடமாக்குங்கள்

பாராளுமன்றம் பிள்ளைகளுக்குத் தூரம். கடல் பக்கம். ஒன்றாகக் கூடிப் பேசி விதி வகுத்துக்கொள்வதற்கு நம் கரையில் இருக்கும் உதாரணங்கள் எந்தப் பாடப்புத்தகத்தையும்விட உயிரோட்டமானவை.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகும். மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுகளுக்கு. வலை அறுபட்டு, படகு மோதி, கரையில் சண்டையாகி, பேசித் தீர்த்து வந்த ஏற்பாடு இது. கடலுக்கு வேலி போட முடியாது, அதனால் நாளைப் பங்கு போட்டார்கள். கரையை ஒட்டிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு வந்து மீன்பிடிக்கக் கூடாது என்பது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை அரசு போட்டது. ஆக, பேசி உருவான விதி, சட்டமன்றம் இயற்றிய விதி, அரசு ஆணை என்று மூன்று வகை விதியும் பிள்ளையின் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. எது யார் போட்டது, எது மீறப்படுகிறது, ஏன், மீறினால் யார் கேட்பது என்று அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டுவரச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக்கு இரண்டு வாரப் பாடம் இதில் இருக்கிறது.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியும் கட்டாயம் பேசுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவிக்கப்பட்ட பிறகு, தலைமுறைகளாக அங்கே மூழ்கிப் பாசி எடுத்தவர்களுக்கு வனத்துறையோடு தகராறு. அந்தப் பெண்கள் சங்கமாகக் கூடினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பாசியை வேரோடு பெயர்க்கும் இரும்புக் கருவியைத் தொடாமல் இருப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். அவர்களின் தலைவியாக இருந்த பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போகாத பெண்கள், அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் பாசி எடுக்கப் போகும் அம்மா யாராவது இருந்தால் ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு, பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்: விதியை மீறியவரை என்ன செய்தீர்கள்? சம்மதிக்காதவர்கள் இருந்தார்களா? அம்மா பேசும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

ஏழாம் படி: சூடான விஷயங்களை ஒதுக்காதீர்கள்

அப்பா எல்லை தாண்டியதாகக் கைதாகி யாழ்ப்பாணத்தில் சிறையில் இருக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, "அரசியல் பேச வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அதே நேரம் மேடைப் பேச்சையும் வகுப்பில் நடத்தக் கூடாது. ஒரு முறை சொல்கிறேன்.

முதலில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் தகவல்களை மட்டும் பலகையில் எழுதுங்கள். கச்சத்தீவு பற்றிய ஒப்பந்தம் 1974, அடுத்தது 1976. அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் மக்கள் போகிறார்கள். இலங்கை 2017இல் இழுவலை மீன்பிடிப்பைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. பிறகு வகுப்பை நான்காகப் பிரியுங்கள்: ராமேஸ்வரம் விசைப்படகில் கூலிக்குப் போகும் ஒருவர், பாம்பன் நாட்டுப்படகுக்காரர், வலை அறுபட்ட வடஇலங்கைத் தமிழ் மீனவர், சிறையிலிருக்கும் மீனவரின் மனைவி. ஒவ்வொரு குழுவும் தங்கள் ஆளின் நியாயத்தைச் சொல்லட்டும். அரை மணி கழித்து இடம் மாறி அடுத்தவர் நியாயத்தைப் பேசட்டும். எதிரில் இருப்பவரும் தமிழ் பேசும் கடலோடிதான் என்று கேட்கும்போது வகுப்பின் பேச்சே மாறும். உங்கள் சொந்தக் கருத்தைக் கேட்டால் கடைசியில், கருத்து என்று சொல்லியே சொல்லுங்கள். சிறையிலிருப்பவரின் பிள்ளையிடம் முந்தின நாளே தனியாகப் பேசி, வேண்டாம் என்றால் பாடத்தைத் தள்ளிவையுங்கள்.

எல்லா விஷயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இழுவலை, அணு உலை, மதுக்கடை ஆகியவை விவாதத்துக்குரியவை. தீண்டாமை விவாதத்துக்குரியது அல்ல. அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பு அதை ஒழித்து முடித்தாயிற்று. "சாதி வேண்டும், வேண்டாம்" என்று பட்டிமன்றம் நடத்தி, ஒரு பிள்ளையின் மனிதத் தகுதியை இன்னொரு பிள்ளை கைதட்டலுக்காக வாதாட விடாதீர்கள்.

மண்டபம் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. "நீங்கள் எல்லாரும் 18 வயதில் ஓட்டுப் போடுவீர்கள்" என்று வகுப்பில் சொல்லும்போது, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளை என்ன நினைக்கும்? அந்த வீட்டில் யாருக்கும் ஓட்டு இல்லாமல் இருக்கலாம். சட்டத்தின் முன் சமத்துவம் சொல்லும் 14ஆவது உறுப்பும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21ஆவது உறுப்பும் இந்த மண்ணில் இருக்கும் எல்லா மனிதருக்கும் உரியவை. பேச்சுரிமை தரும் 19 குடிமக்களுக்கு மட்டும். இந்த வேறுபாட்டை ஒளிக்காமல் நடத்துங்கள். உங்கள் வகுப்புக் கூட்டத்தில் அந்தப் பிள்ளைக்கும் சரிசமமாக ஒரு ஓட்டு உண்டு, அதில் எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

எட்டாம் படி: பெற்றோரும் ஊரும்

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. தாளில் இருக்கிறார்கள், கூட்டத்துக்கு வருவதில்லை என்று நாம் புலம்புகிறோம். கூட்டம் வைக்கும் நேரத்தைப் பாருங்கள். விசைப்படகுகள் கரை திரும்பும் காலையில் துறைமுகத்தில் வேலை குவிந்திருக்கும், பாசி எடுக்கும் நாளில் அம்மாக்கள் தண்ணீரில் இருப்பார்கள், கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை. பதநீர் காலத்தில் பனங்காட்டுக்குக் குடிபோகும் குடும்பங்களும் உண்டு. எப்போது வர முடியும் என்று அவர்களையே கேட்டு நேரம் குறியுங்கள். ஜனநாயகம் இதிலிருந்தே தொடங்குகிறது. வந்தவர்களுக்கு முதலில் பேச்சுக் கொடுங்கள், அறிக்கை வாசிப்பைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். வகுப்புக் கூட்ட நோட்டிலிருந்து ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் இருவர் வந்து வாசிக்கட்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்வையாளராக அழைத்துப்போகலாம். அங்கே ஓட்டுரிமை வாக்காளருக்குத்தான், ஆனால் பெற்றோர் கையெழுத்தோடு பள்ளித் தண்ணீர்க் குழாய்க்கு மனுக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகளிலும் மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகளிலும் கிராம சபை கிடையாது. அங்கே பகுதி சபை, வார்டு உறுப்பினர் வழியாகப் போங்கள். மனுவுக்குப் பதில் வந்ததா, எத்தனை நாளில் வந்தது என்று பிள்ளைகளே தேதி போட்டுக் குறிக்க வேண்டும். பதில் வராததும் ஒரு பாடம்தான், அடுத்து யாரிடம் போவது என்று கேட்கக் கற்றுக்கொள்வார்கள்.

ஒன்பதாம் படி: வருடத்துக்கான திட்டமும் நோட்டும்

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரம் கவனிப்புத் தாள் மட்டும். ஜூலையில் சுவரில் மூன்று வகைப் பட்டியல், வகுப்புக் கூட்டம் தொடக்கம். ஆகஸ்டில் குடவோலை. காலாண்டுக்குப் பிறகு கடல் பாடம். நவம்பர் 26 அரசியலமைப்பு நாளில் முகவுரையை வாசிப்பதோடு நிறுத்தாமல், நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற நான்கில் எது இந்தப் பள்ளியில் குறைவாக இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். ஜனவரி 25 வாக்காளர் நாளுக்கு மனு வேலைகளைக் கொண்டுவரலாம்.

இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் உங்களுக்குப் பிடித்த கருத்தைச் சொல்லித் தருவார்கள். முதல் வாரம் போட்ட வகுப்பறை வரைபடத்தை டிசம்பரிலும் மார்ச்சிலும் மறுபடி போட்டு, கோடு விழாத பெயர்கள் குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கூட்ட நோட்டில் எத்தனை முடிவு உண்மையாக நடந்தது என்று எண்ணுங்கள். "இல்ல டீச்சர், நீங்க சொன்னது சரியில்ல" என்று மரியாதையோடு சொல்லும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் ஆசிரியர்கள் மாறுதல் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் சொந்த ஊர்ப் பக்கம் போகத்தான் பார்ப்பார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. அதனால் வகுப்புக் கூட்ட நோட்டு, மனு நகல்கள், வரைபடத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுப் பள்ளிப் பதிவேடுகளோடு சேர்த்து வையுங்கள். அடுத்து வருபவருக்கு அந்தக் கோப்பைப் பிள்ளைகளில் இருவரே எடுத்துக்கொடுத்து, எந்த முடிவு இன்னும் பாக்கி இருக்கிறது என்று விளக்கட்டும். ஏப்ரல் கடைசிக் கூட்டத்திலேயே அந்த இருவர் யார் என்று குடவோலை போட்டு எடுத்துவிடுங்கள்.